கண்ணாடியை மறந்தவர்களின் கப்பல்

பிளாக்டவுன், சிட்னி
எழுதத் தொடங்கிய நாள்: 2.3.2008, ஞாயிறு

அன்புத் தங்கச்சி லெட்சுமிக்கு,

அண்ணன் அருமைநாதன் தன் சொந்தக் கையால் எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னித்துவிடு. சில எழுத்து கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், சில எழுத்து கோட்டைப் பிடித்துத் தொங்கும். 'ழ' வரும் இடத்திலெல்லாம் தாள் கொஞ்சம் கிழிந்திருக்கும். தபால்காரரைத் திட்டாதே, அது நான் பேனாவை அழுத்தியது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் என்னால் முடியும், அதற்குமேல் விரல் விறைத்துப்போகிறது. அதனால் நீயும் மெதுவாக வாசி. நடுவில் தேத்தண்ணி குடித்துக்கொள்.

இந்த இடத்தில் 'இங்கு யாவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல்' என்று வரவேண்டும். நாற்பது வருஷமாக உனக்கு வந்த என் கடிதம் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்திருக்கும். லெட்சுமி, அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. மலேசியாவில் நம் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் போய் உட்கார்ந்து, 'முட்டி வலிக்குது, மழை விடல, மாடு செத்துப்போச்சு, தங்கச்சி எப்படி இருக்குன்னு கேளுங்க' என்று சொல்லுவேன். அவர் எழுதி முடித்துத் திருப்பி வாசித்தால் 'இங்கு யாவரும் நலம்' என்று இருக்கும். மாடு செத்தது எங்கே கிராணி என்று கேட்டால், கடிதத்தில் அதெல்லாம் எழுதக்கூடாது என்பார். அவர் படித்தவர், நான் வாயை மூடிக்கொள்வேன். பிறகு மகள் மனோரமா எழுதப் பழகினாள், அவளும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி அதையேதான் எழுதினாள். ஆகவே இப்போது முதல் தடவையாக நானே சொல்கிறேன்: நான் அவ்வளவு நலமில்லை. இடது முட்டி வலிக்கிறது. மற்றபடி சந்தோஷமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

எப்படி எழுதக் கற்றேன் என்று கேட்பாய். இங்கே சனிக்கிழமை தோறும் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது. அங்கே நாற்காலி அடுக்கி வைக்க ஆள் வேண்டுமென்றார்கள், சும்மா இருக்கிறவன்தானே என்று போனேன். சிவனேஸ்வரி டீச்சர் என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள் ஒன்றாம் வகுப்புக்கு. நான் நாற்காலி அடுக்கின பிறகும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பலகையையே பார்ப்பதை அவர் கவனித்திருக்கிறார். மூன்றாவது வாரம் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அங்கிள், கொப்பி ஒண்டு தரட்டோ?" என்றார். கொப்பி என்றால் நோட்டுப் புத்தகம். நான் வேண்டாமென்று சொல்ல வாயைத் திறந்தேன், கை நீண்டுவிட்டது. இரண்டு வருஷம் ஆறு வயதுப் பிள்ளைகளோடு, அவர்கள் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்து படித்தேன். மேலே சொன்ன முட்டி வலிக்கு அந்த நாற்காலிதான் காரணம். ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். திரும்பத் திறந்தபோது என் கையில் ரப்பர் பால் வாளி இருந்தது. நீ போனாய், ஆறாம் வகுப்பு வரை படித்தாய். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை, ஆனால் உன் கடிதம் ஒவ்வொன்றையும் அடுத்தவர் வாயால்தான் கேட்டேன் என்பதில் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் மகன் மோகனதாஸ் கிள்ளானிலிருந்து போன் செய்தான். "மாமா, செப்டம்பர்ல ஐரோப்பாக் கப்பலுக்கு அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துட்டேன். அம்மா வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. மார்ச் முடியறதுக்குள்ள சொல்லணும், இல்லாட்டி கேன்சல்தான். நீங்க போய்ட்டு வந்த கப்பல்தானே, நீங்களே சொல்லுங்க" என்றான். பிறகு நீ போனை வாங்கினாய். "வேணாம்லா அண்ணே. எனக்குக் கண்ணு முந்தி மாதிரி இல்ல. கப்பல்ல போய் என்னத்தப் பாக்கப் போறேன்? அதுங்க ரெண்டும் போய்ட்டு வரட்டும்" என்றாய். நானும் சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு என் மனது சரியாக இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் உனக்குக் கண்ணில் அறுவை செய்தார்கள். அதற்குப் பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரும் பஸ்ஸின் நம்பரை வாசிக்கிறேன் என்று நீயே என்னிடம் பீற்றிக்கொண்டாய். மச்சான் போனதிலிருந்து நீ கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் தவிர வேறு எங்கும் போவதில்லை என்றும் தெரியும். அந்தக் கண் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கப்பலைச் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன செப்டம்பரில் எனக்கும் உன் அண்ணி புஷ்பவல்லிக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம் என்று மனோரமாவும் மாப்பிள்ளை வாசுதேவனும் சேர்ந்து ஏற்பாடு செய்த பயணம் அது. மனோரமாவுக்கு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை, அதனால் மாப்பிள்ளைதான் எங்களை மேய்த்துக்கொண்டு வந்தார். அவர் மெட்ராஸ் பக்கத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை, எதையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் செய்வார். அது இத்தாலிக்காரன் கப்பல் என்று தெரிந்ததும் ஆறு மாதம் காரில் சி.டி. போட்டு இத்தாலி பாஷை படித்தார். நாங்கள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கேட்டு, கோழிக்கறி எங்கே கிடைக்கும் என்று உன் அண்ணிக்கும் இத்தாலியில் கேட்கத் தெரியும். கப்பலில் ஏறி, வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் மாப்பிள்ளை மார்பை நிமிர்த்தி முதல் வாக்கியத்தை விட்டார். அது அவரைவிட நல்ல இங்கிலீஷில் பதில் சொன்னது. அது ருமேனியாக்காரியாம். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

கப்பலில் எந்த அறிவிப்பு வந்தாலும் ஐந்து பாஷையில் வரும். முதலில் இத்தாலிக்காரர்கள் எழுந்து போவார்கள், பிறகு பிரெஞ்சுக்காரர்கள், பிறகு ஜெர்மன்காரர்கள், பிறகு ஸ்பெயின்காரர்கள், கடைசியில் இங்கிலீஷ் வந்ததும் மாப்பிள்ளை எழுந்திருப்பார். அதற்குள் நல்ல இடமெல்லாம் போயிருக்கும். ராத்திரி மேடையில் ஒருவர் நகைச்சுவை சொன்னார், அதையும் ஐந்து பாஷையில். முதலில் இடதுபக்கம் சிரிப்பு, கொஞ்சம் பொறுத்து நடுவில் சிரிப்பு, பிறகு பின்வரிசையில். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதால் ஐந்து தடவையும் சிரித்தேன், யாருக்கும் மனம் நோகக்கூடாதே என்று. "எல்லா பாஷையும் தெரிஞ்ச மனுஷன்னு உங்களப் பாக்குறாங்க, போதும் நிறுத்துங்க" என்று உன் அண்ணி கிள்ளினாள். சாப்பாடு விடிந்ததிலிருந்து நடந்துகொண்டே இருக்கும். இனிக் கிடைக்காது என்று முதல்நாளே வெளுத்துக் கட்டியவர்களை மறுநாள் டாக்டர் அறை வாசலில் பார்க்கலாம். நீ ஒரு பட்டுப்புடவை எடுத்து வை. ஒருநாள் மாலை எல்லாரும் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வருவார்கள், கல்யாணம் மட்டும் இருக்காது. கக்கூஸில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் புலி உறுமுகிறமாதிரி சத்தம் வரும். எழுந்து நின்ற பிறகு அழுத்து. இதற்குமேல் நான் அதைப்பற்றி எழுதமாட்டேன்.

நான் செய்த கோமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், மோகனதாஸ் எப்படியும் சொல்லுவான். ஏறின அன்று சாயங்காலம் கப்பலின் சங்கு ஏழு தடவை சின்னதாகவும் ஒருதடவை நீளமாகவும் ஊதியது. எல்லாரும் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, உயிர்காக்கும் படகு தொங்குகிற தளத்தில் போய் வரிசையாக நிற்கவேண்டும். வெள்ளை உடுப்பு அதிகாரி கையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகக் கூப்பிடுவார், நாம் கை தூக்கவேண்டும். ஆபத்து வந்தால் எங்கே நிற்பது என்று பழக்குகிறார்கள். எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. லெட்சுமி, இது நம்முடைய பெரட்டு! விடியற்காலை மணி அடித்ததும் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போவோமே, அதே பெரட்டு. நாற்பத்தோரு வருஷம் பெரட்டில் நின்றவன் நான், ஒருநாள் தவறியதில்லை. கையை ஒட்டவைத்து, மார்பை நிமிர்த்தி, எங்கள் அறையைக் கூப்பிட்டதும் 'இருக்கேன்!' என்று குரல் கொடுத்தேன். அதிகாரியே பட்டியலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பெரட்டு என்றால் தினமும்தானே? மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு உன் அண்ணியை எழுப்பி, இரண்டு பேரும் மிதவைச் சட்டையைப் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் போய் நின்றோம். ஆள் நடமாட்டமே இல்லை. "என்னங்க, யாரையும் காணோமே" என்றாள். "வெள்ளைக்காரன் நேரத்துக்கு வருவான், நாம முந்தி வந்துட்டோம்" என்றேன். கால் மணி நேரம் கழித்து ஓர் ஆள் வாளியும் துணியுமாக நாற்காலி துடைத்துக்கொண்டு வந்தான். எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு, கப்பல் முழுகுகிறதா என்று கடலை ஒருதடவை எட்டிப் பார்த்தான். பிறகு இங்கிலீஷில் என்னவோ கேட்டான், இத்தாலியில் கேட்டான், பிரெஞ்சிலும் கேட்டிருக்கவேண்டும். நாங்கள் அசையவில்லை. பேர் கொடுக்காமல் வரிசையை விட்டு நகரலாமா? அவன் தலையை ஆட்டிவிட்டு, பாவம் இந்தக் கிழவர் என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு குனிந்தான். முனகினது மலாயில்.

"சியாப்பா காசிஹான்?" என்றேன். யாருடா பாவம்?

வாளியைப் போட்டுவிட்டான் தங்கச்சி! தண்ணீர் எங்கள் காலுக்கடியில் ஓடியது. அவன் இந்தோனேசியாவில் பாலித்தீவுக்காரன், பேர் வாயான், முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். நம் சந்தை மலாயும் அவன் பேச்சும் அண்ணன் தம்பி மாதிரி, அங்கே இங்கே மூக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான். பெரட்டு ஒரே ஒரு நாள்தான் என்று அவன்தான் சொன்னான். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், நானும் சிரித்தேன். உன் அண்ணி மட்டும் சிரிக்கவில்லை, மிதவைச் சட்டை முடிச்சு அவிழவில்லை. என்னை 'பாக்', அப்பா என்று கூப்பிட்டான், அவளை 'இபு', அம்மா என்று. "கீழே சமையலறையில பாதி, சலவையில பாதி, தட்டு எடுக்குறவங்க பாதி எங்க ஆளுங்கதான் பாக்" என்றான். யோசித்துப் பார். மேலே ஐந்து பாஷையில் முழங்குகிறார்களே, அந்தக் கப்பலைத் துடைத்து, சமைத்து, படுக்கை விரிக்கிற இடத்தில் பாதிப்பேர் பேசுகிறது உனக்கும் எனக்கும் தெரிந்த பாஷை. மாப்பிள்ளை ஆறு மாதம் படித்தது வரவேற்பு மேசையிலேயே முடிந்துபோனது. நான் மீன்காரச் சீனனிடம் பேரம் பேசிப் பழகினது கப்பல் முழுக்கச் செல்லுபடியானது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அதன் அருமை தெரிந்தது. பட்டியல் இத்தாலியில். மாப்பிள்ளை சுத்த சைவம். கையிலிருந்த குட்டிப் புத்தகத்தைப் புரட்டி, "மாமா, இது ஏதோ கடற்கரைக் காய்கறி, ரொம்ப லைட்டா இருக்கும்" என்று கேட்டு வாங்கினார். கணவாய் ஒன்று, முழுசாக, கால்களை விரித்துக்கொண்டு தட்டில் வந்து அவரையே பார்த்தது. நான் பட்டியலைத் தொடவேயில்லை. பக்கத்து மேசைக்கு என்ன வருகிறது என்று பார்த்து, நன்றாக இருப்பதைக் கையைக் காட்டி வாங்கினேன். எழுபது வருஷமாக அப்படித்தானே வாழ்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வாயான் பின்பக்கமாக வந்து, மூடிபோட்ட கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் போனான். திறந்தால் வெள்ளைச் சோறும் வேலைக்காரர்கள் தங்களுக்கென்று இடித்த மிளகாய்ச் சம்பலும். மாப்பிள்ளை சைவமென்று காலையில் நான் சொல்லியிருந்ததால், சமையல்காரனான அவன் சிநேகிதன் இறால் போடாமல் இடித்தானாம். மாப்பிள்ளை அதைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினேன். சாப்பிட்டுவிட்டு, கண்ணில் தண்ணீரோடு, "மாமா, மலாய்ல தேங்க்ஸ் எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். அது உறைப்பினாலா நன்றியினாலா என்று நான் விசாரிக்கவில்லை.

இன்று 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. கை ஓய்ந்துவிட்டது, இரண்டு நாள் எழுதவில்லை. அடுத்தது நேப்பிள்ஸ் என்ற ஊரைச் சொல்லவேண்டும்.

அங்கே கப்பல் காலையில் நின்றது. சாயங்காலம் ஐந்தரைக்குள் எல்லாரும் ஏறிவிடவேண்டும், யாருக்காகவும் காத்திருக்காது என்று ஐந்து பாஷையிலும் சொன்னார்கள். மாப்பிள்ளை வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார், நாங்கள் பின்னால். எல்லாம் குறுகலான சந்து, மேலே கொடியில் துணி, கீழே மோட்டார் சைக்கிள். நான்கே முக்காலுக்கு மாப்பிள்ளை நின்றார். வரைபடத்தைத் திருப்பினார், தானும் திரும்பினார். ஒரு கடைக்காரரிடம் இத்தாலியில் அழகாகவே கேட்டார். கடைக்காரர் இரண்டு கையாலும் ஒரு மழை பொழிந்தார். மாப்பிள்ளைக்குக் கேட்கத் தெரிந்தது, பதிலை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. "மாமா, டென்ஷன் ஆகாதீங்க, இது கரெக்ட் ரூட்டுதான்" என்றார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உன் அண்ணி பிள்ளையாரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

நான் சொன்னேன், "மாப்பிள்ளை, அந்தத் தாளை மடிச்சுப் பையில வைங்க. என் பின்னால வாங்க." வரும்போது பப்பாளி அளவு எலுமிச்சம்பழம் அடுக்கின கடை இடதுகைப் பக்கம் இருந்தது, அப்படியென்றால் இப்போது வலதுகைப் பக்கம். அது தாண்டி, ஒற்றைக் காது நாய் படுத்திருந்த படிக்கட்டு. நாய் போய்விட்டது, படிக்கட்டு இருந்தது. பிறகு சிவப்புப் போர்வை காயப்போட்டிருந்த மாடி, போர்வையை எடுத்துவிட்டார்கள், ஆனால் சுவரில் அது சொட்டின ஈரம் காயவில்லை. பிறகு நீல பல்பு எரிகிற மாதா சிலை, அங்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் ரொட்டி சுடுகிற வாசனை, வாசனை முடிகிற இடத்தில் கப்பலின் புகைபோக்கி. ஐந்து இருபதுக்கு ஏறிவிட்டோம். மாப்பிள்ளை மூச்சு வாங்கி, "எப்படி மாமா?" என்றார். "படிக்கத் தெரியாதவன் பராக்குப் பார்த்தா வீடு வந்து சேரமாட்டான் மாப்பிள்ளை" என்றேன்.

அன்றைக்கு அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அறையில் படுத்து யோசித்தபோதுதான் வேறொன்று தோன்றியது. எழுத்துப் பழகின பிறகு சிட்னியில் எனக்கு அந்தக் கண் மங்கிக்கொண்டு வந்தது. மசாலாக் கடைக்குப் போனால் அரிசி மூட்டையில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பேன், உன் அண்ணி கல்லாவில் காத்து நிற்பாள். ஒருநாள் தமிழ்ப் பத்திரிகை வாசித்துக்கொண்டே ரயிலில் பிளாக்டவுனைத் தாண்டிப் பென்ரித் வரை போய்விட்டேன். படிக்கத் தெரியாத காலத்தில் நான் ஒருதடவைகூட ஸ்டேஷனைத் தவறவிட்டதில்லை. படிப்பு வேண்டாமென்று சொல்லவில்லை, எழுபத்து நான்கு வயதில் அது எனக்குக் கிடைத்த தேன். ஆனால் எழுத்துத் தெரியாத மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது என்று நானே என்னைப்பற்றி நம்பியிருந்தேன். அது பொய் என்று நேப்பிள்ஸ் சந்தில் தெரிந்தது.

இப்போது கண் விஷயம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்று வெளியார் யாருக்கும் நான் காட்டிக்கொண்டதில்லை. பாரத்தை நீட்டினால் சட்டைப்பையைத் தட்டுவேன், பிறகு கால்சட்டைப் பையைத் தட்டுவேன், "அடடா, கண்ணாடிய வீட்டிலேயே மறந்துட்டேனே" என்பேன். யாராவது எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் எனக்குக் கண்ணாடியே கிடையாது, கழுகுக் கண். ஐம்பது வருஷம் இல்லாத கண்ணாடியை மறந்தவன் நான். கப்பலில் ஐந்தாம் நாள், சாப்பாட்டுக் கூடத்தின் வாசல் சாத்தியிருந்தது. கதவில் இத்தாலியில் ஓர் அறிவிப்பு. அதன்முன் ஒரு பிரெஞ்சுக்காரர், நல்ல கோட்டு, வெள்ளி முடி, பெரிய உத்தியோகத்தில் இருந்தவராகத்தான் இருக்கவேண்டும். அறிவிப்பை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் ஆள் நிற்பது தெரிந்ததும் கோட்டுப் பையைத் தட்டினார். பிறகு கால்சட்டைப் பையைத் தட்டினார். லெட்சுமி, அந்தத் தட்டல் எனக்குத் தெரியும்! அது என்னுடையது! அவருடைய கண்ணாடி அவர் நெற்றிமேலேயே இருந்தது.

ஜனங்கள் மேல்தளத்துக்குப் படியேறிப் போவதை நான் முன்னமே கவனித்திருந்தேன். அவர் முழங்கையை மெல்லத் தொட்டு, மேலே கையைக் காட்டி, கூட்டிக்கொண்டு போனேன். அங்கே சாப்பாடு இருந்தது. அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்னென்னவோ படித்திருப்பார் அந்த மனுஷன், ஆனாலும் அந்தக் கதவின்முன் அவரும் நானும் ஒன்று. அந்தக் கப்பலில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் இடத்தில் ஒரு கதவு அப்படி வரத்தான் செய்கிறது. ஜெர்மன்காரருக்கு ஒரு கதவு, மாப்பிள்ளைக்கு ஒரு கதவு. எனக்குப் பழகிப்போன கதவு, அவர்களுக்குப் புதுசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ போனில் 'கண்ணு முந்தி மாதிரி இல்லண்ணே' என்றாயே, அப்போது எனக்குக் கேட்டது அந்தத் தட்டல். உனக்கு இங்கிலீஷ் தெரியாது, மருமகள் முன்னால், வெள்ளைக்காரர்கள் முன்னால் முழிக்கவேண்டுமே என்று வெட்கப்படுகிறாய். நான் சொன்னது தப்பென்றால் தப்பென்று எழுது. சரியென்றால் ஒன்றும் எழுதவேண்டாம், பட்டுப்புடவையை மட்டும் எடுத்து வெயிலில் போடு.

கடைசியாக ஒன்று. இறங்குகிற அன்று வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு தடிப்புத்தகம் வைத்திருந்தார்கள், பயணிகள் தங்கள் பாஷையில் ஏதாவது எழுதிவிட்டுப் போகலாம். மாப்பிள்ளை பேனாவை எடுத்து, "சொல்லுங்க மாமா, நான் எழுதறேன்" என்றார். "குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். 'வாயான் நல்ல மனிதர். சம்பல் நன்றாக இருந்தது. பெரட்டும் நன்றாக இருந்தது' என்று முழுப்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பின்னால் வரிசை நீண்டது, யாரும் முணுமுணுக்கவில்லை. அந்தக் கப்பலில் எங்களை விட்டால் அதை வாசிக்க ஓர் ஆளும் இல்லை. வருஷக்கணக்காக அந்தப் புத்தகத்தை வைத்திருப்பார்கள் என்று வாயான் சொன்னான். நீ போய் அதைக் கேட்டு வாங்கி வாசி. நாற்பது வருஷம் உன் எழுத்தை மற்றவர்கள்தான் எனக்கு வாசித்தார்கள். என் எழுத்தை நீயாவது நேராக வாசி.

ஆகவே தைரியமாகப் போ. துணைக்கு யாரும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம். மலாய் இருக்கிறது, கண் இருக்கிறது, கை காட்ட விரல் இருக்கிறது. மோகனதாஸுக்கும் மருமகளுக்கும் எங்கள் ஆசி. உன் அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நம்மைப் பெற்றவர்களும் மச்சானும் எங்கிருந்தாலும் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு, நானே எழுதியது,
உன் அண்ணன்
அருமைநாதன்

பின்குறிப்பு: உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, என்னை முழுக்க வாசித்துக்காட்டச் சொல்லிக் கேட்டாள். "வாசிச்சது நல்லாருக்கு, விட்டது எங்க?" என்கிறாள். ஒட்டுவதற்கு முன் சொல்லாவிட்டால் அவளே உனக்குப் போன் பண்ணுவாளாம். அதனால் சொல்லிவிடுகிறேன்.

முதல்நாள் துறைமுகத்தில் அந்தக் கப்பலின் உயரத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்றேன். ஏறுவதற்கு முன் ஒரு பாரத்தை நீட்டினார்கள். நான் சட்டைப்பையைத் தட்டினேன். கண்ணாடியை சிட்னியில் மறந்துவிட்டேன், போய் எடுத்து வருகிறேன் என்று சொல்லிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போது கண்ணாடி என் மூக்கின்மேல் இருந்தது. உன் அண்ணிதான் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள். புத்தகத்திலும் முழுப்பக்கம் எழுதவில்லை. வரிசை நீள நீள அவசரப்பட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். 'அருமைநாதன்' என்று மட்டும்தான் இருக்கிறது, அதிலும் கடைசி 'ன்' இல்லை. மற்றதெல்லாம் எழுதவேண்டும் என்று நினைத்தது.

துணை வேண்டாம் என்று எழுதினதும் பொய். மோகனதாஸும் மாப்பிள்ளையும் பேசி, எனக்கும் உன் அண்ணிக்கும் அதே கப்பலில் உன் அறைக்குப் பக்கத்து அறை எடுத்திருக்கிறார்கள். உன்னிடம் சொல்லக்கூடாது, ஏறின பிறகுதான் தெரியவேண்டும் என்று ஏற்பாடு. நீ வரமாட்டேன் என்றால் நானும் ஏறமாட்டேன், மறுபடி கண்ணாடியை மறந்துவிடுவேன். நீ வந்தால் பக்கத்தில் நில், அந்த 'ன்' போட்டு மீதியையும் எழுதுகிறேன். வரிசை நீண்டால் நீண்டுவிட்டுப் போகட்டும்.

பதில் உன் கையால் எழுது. உறையை நான்தான் பிரிப்பேன், வேறு யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் நான் மறுபடி எழுதுவேன். என் வேகத்துக்கு அதை இன்றைக்கே தொடங்கவேண்டும், அதனால் இதை இத்தோடு நிறுத்துகிறேன்.